நிறம் மறைய நேரம் கூடினால் நொதி மெதுவாகிவிட்டது என்று அர்த்தமா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது. உமிழ்நீரில் இருக்கும், ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியான அமிலேஸை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நான்கு சோதனைக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 10 மில்லி ஸ்டார்ச் கரைசல். செறிவு மட்டும் 0.25, 0.5, 1, 2 சதவீதம் என்று மாறுகிறது. நீர்த்த உமிழ்நீர் நான்கிலும் ஒரே அளவு. ஸ்டார்ச் இருந்தால் அயோடினில் நீலம் வரும், அது வராமல் போக ஆன நேரம் முறையே 3, 5, 9, 17 நிமிடம். "தளப்பொருளின் (நொதி வேலை செய்யும் பொருள், இங்கே ஸ்டார்ச்) செறிவு கூடினால் வினைவேகம் கூடும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும் என்று பாடநூல் சொல்கிறது. எங்களுக்கு நேரம் கூடிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் வேகம் குறைகிறது என்றுதானே அர்த்தம்? ரெக்கார்டில் என்ன எழுதுவது?"

முதல் வேலையாக, எண்களில் கை வைக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவர் இதே மாதிரி முடிவோடு வந்தார். சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு "மறுபடி செய்" என்று எழுதிக் கொடுத்தேன். பாவம், மறுநாள் அதே எண்களைத் தலைகீழாக எழுதிக்கொண்டு வந்து நின்றார். நானும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவருடைய முதல் எண்கள் சரியாகத்தான் இருந்தன. உங்களுடையவையும் சரி, பாடநூலும் சரி. நடுவில் "நேரம்" என்ற ஒரு சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது.

குறுவை நடவை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பெண்கள் கொண்ட ஒரு நடவுக் குழு ஒரு நாளில் இரண்டு மா நட்டு முடிக்கிறது என்று வையுங்கள். (மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. தஞ்சாவூர்க் கணக்கு, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) இரண்டு மா வைத்திருப்பவர் வீட்டில் அன்றைக்கே கூலி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வேலி வைத்திருப்பவர் வயலில் அதே எட்டுப் பேருக்குப் பத்து நாள் ஆகும். அதைப் பார்த்து "பத்து நாளாச்சே, இவங்க கை நிதானமாயிடுச்சு" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் அடுத்த வருஷம் நடவுக்கு ஆள் கிடைக்காது. வயல் பெரிசு, அவ்வளவுதான்.

உங்கள் நான்காவது குழாய் அந்த ஒரு வேலி வயல். முதல் குழாயில் இருந்தது 25 மில்லிகிராம் ஸ்டார்ச், நான்காவதில் 200 மில்லிகிராம். எட்டு மடங்கு வேலையைக் கொடுத்துவிட்டு, ஏன் நேரமாகிறது என்று கேட்கிறோம். வேகம் என்பது ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை முடிந்தது என்பது. ஆகவே வகுத்துப் பாருங்கள். 25 மில்லிகிராம் 3 நிமிடத்தில் என்றால் நிமிடத்துக்கு 8.3. அடுத்தது 50 ஐந்தில், நிமிடத்துக்கு 10. அப்புறம் 100 ஒன்பதில், 11.1. கடைசியாக 200 பதினேழில், 11.8.

8.3, 10, 11.1, 11.8. ஏறுகிறது, ஏற ஏற நிதானமாகிறது, நிற்கப் போகிற மாதிரி இருக்கிறது. பாடநூலில் இருக்கும் அதே வளைவு. குறைகிறது என்று நீங்கள் நினைத்த எண்களுக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. கிடைமட்டத்தில் செறிவு, செங்குத்தில் நீங்கள் அளந்த நேரம், நான்கு புள்ளிகள். ஸ்கேலை வைத்தால் நேர்கோடு வரும். ஆனால் அந்தக் கோடு பூஜ்யத்தின் வழியாகப் போகாது, செங்குத்து அச்சை 1 நிமிடத்தில் வெட்டும். செறிவு எவ்வளவு இருந்தாலும் நொதி ஒரே வேகத்தில் வேலை செய்திருந்தால், வேலை இரட்டித்தால் நேரமும் சரியாக இரட்டிக்கும், கோடு பூஜ்யத்தில் தொடங்கும். செறிவுக்கு ஏற்ப வேகமும் அப்படியே கூடியிருந்தால், வேலை எட்டு மடங்கானால் வேகமும் எட்டு மடங்காகும், நேரம் நான்கு குழாயிலும் ஒன்றாகவே இருக்கும், கோடு படுத்துவிடும். உங்கள் கோடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுநிலைதான் நொதியின் குணம். சாய்விலிருந்து உச்ச வேகம் கிடைக்கும்: 1 சதவீதம், அதாவது 100 மில்லிகிராம், கூடுவதற்கு 8 நிமிடம் கூடுகிறது, ஆகவே நிமிடத்துக்கு 12.5 மில்லிகிராம். வெட்டும் இடத்தைச் சாய்வால் வகுத்தால், 1-ஐ எட்டால் வகுக்க, 0.125 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் மைக்கேலிஸ் மாறிலி, சுருக்கமாகக் கே-எம், என்று பெயர். உச்ச வேகத்தில் பாதி எந்தச் செறிவில் கிடைக்குமோ அந்தச் செறிவு.

இது தோராயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வகுத்துப் பெற்றது முழு நேரத்தின் சராசரி வேகம். வினை முடியும் தறுவாயில் ஸ்டார்ச் குறைந்து நொதியும் தளர்ந்துவிடும், அதுவும் இந்தச் சராசரிக்குள் கலந்திருக்கிறது. மேலும், நீலம் போய்விட்டது என்றால் ஸ்டார்ச் முழுக்க மால்டோஸ் என்ற சர்க்கரை ஆகிவிட்டது என்று பொருளில்லை. அயோடினுக்கு நீலம் காட்ட முடியாத அளவுக்குச் சங்கிலி துண்டாகிவிட்டது என்றுதான் பொருள். நடுவில் டெக்ஸ்ட்ரின்கள் என்ற பாதி உடைந்த துண்டுகள் இருக்கும், செம்பழுப்பு நிறம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே 0.125 என்பதை எங்கேயும் மேற்கோள் காட்ட வேண்டாம். வளைவின் வடிவம் மட்டும் நம்பத்தக்கது.

சரி, வேகம் ஏன் ஓரிடத்தில் நிற்கிறது? பாடநூல் "கிளர்வு மையங்கள் யாவும் நிறைவுற்றுவிடுவதால்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். (கிளர்வு மையம் என்பது நொதியில் தளப்பொருள் வந்து ஒட்டும் இடம்.) தப்பில்லை, ஆனால் அந்த வரியிலிருந்து வளைவு ஏன் அப்படி மெல்ல மெல்லச் சாய்கிறது என்பது விளங்காது. நிறைவுற்றால் டக்கென்று நிற்க வேண்டியதுதானே?

வயலுக்கே திரும்புவோம். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்று முடிகளை, அதாவது சிறு கட்டுகளை, நடவுக்கு முன் சேற்றில் ஆங்காங்கே வீசி வைப்பார்கள். நடுகிறவர் கையிலிருக்கும் முடி தீர்ந்ததும் அடுத்ததை எட்டி எடுக்க வேண்டும். ஒரு முடிக்கு அவர் செலவிடும் நேரத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று முடியைப் போய் எடுக்கும் நேரம். இது முடிகள் எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. மற்றது முடியைப் பிரித்து நட்டு முடிக்கும் நேரம். இது கையைப் பொறுத்தது, வயலில் எத்தனை முடி கிடந்தாலும் மாறாது.

கணக்குக்காக நடுகிற நேரம் 4 நிமிடம் என்று வைப்போம். குழிக்கு (மாவைவிடச் சிறிய நில அளவு) ஒரு முடி கிடந்தால் எடுக்க 4 நிமிடம், இரண்டு கிடந்தால் 2 நிமிடம், நான்கு கிடந்தால் 1 நிமிடம். (உண்மையில் இவ்வளவு நேரம் தேடவிட்டால் மேஸ்திரி சும்மா இருக்க மாட்டார். கணக்குத்தான்.) குழிக்கு ஒரு முடி என்றால் ஒரு முடிக்கு மொத்தம் 8 நிமிடம், மணிக்கு ஏழரை முடி. இரண்டு முடி என்றால் 6 நிமிடம், மணிக்கு 10. நான்கு என்றால் 5 நிமிடம், மணிக்கு 12. ஒன்பது என்றால் மணிக்கு 13.5. முடிகளைக் கால் வைக்க இடமில்லாமல் கொட்டினாலும் மணிக்கு 15-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் நடுவதற்கே 4 நிமிடம் வேண்டும்.

இதில் எந்த இடத்திலும் டக்கென்று நிற்கவில்லை. முடிகளை இரட்டிக்கும்போதெல்லாம் தேடும் நேரம் பாதியாகிறது, ஆனால் பாதியாவதற்கு மிச்சமிருக்கும் நேரமே குறைந்துகொண்டு வருகிறது. முதலில் 4 நிமிடத்தில் 2 மிச்சம், அப்புறம் 2-ல் 1, அப்புறம் 1-ல் அரை. மிச்சப்படுத்த ஒன்றுமில்லாத இடம்தான் அந்தச் சமதளம். குறைந்த செறிவில் நொதியின் நேரம் காத்திருப்பதில் போகிறது, அதிகச் செறிவில் வேலையில் போகிறது.

இந்தக் கணக்கை எழுத்தில் எழுதினால் அப்படியே மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு வந்துவிடும்: வேகம் என்பது உச்ச வேகத்தைச் செறிவால் பெருக்கி, கே-எம்மும் செறிவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தது. நம் நடவுக் கணக்கில் உச்ச வேகம் மணிக்கு 15 முடி, கே-எம் குழிக்கு 1 முடி. குழிக்கு ஒரு முடி கிடந்தபோது ஏழரை வந்தது பாருங்கள், சரியாகப் பாதி. உச்சத்தில் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குப் போக வேண்டுமென்றால் செறிவை 81 மடங்கு கூட்ட வேண்டும் என்பதும் இதே சமன்பாட்டிலிருந்து வருகிறது. அவ்வளவு சோம்பலான வளைவு இது. நொதி தேடிப் போவதில்லை, கரைசலில் மூலக்கூறுகள்தான் வந்து மோதுகின்றன என்ற வித்தியாசம் உண்டு, கணக்குக்கு அது பாதகமில்லை.

ஆட்களை இரட்டித்தால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரியும். எட்டுப் பேருக்குப் பதில் பதினாறு பேர் இறங்கினால் உச்ச வேகம் இரட்டிக்கும். ஆனால் கே-எம் மாறாது, ஏனென்றால் அது ஓர் ஆளின் தேடலுக்கும் கைக்கும் உள்ள விகிதம், தலைக்கட்டுக் கணக்கு அதில் கிடையாது. தேர்வில் இந்தக் கேள்வியில் தடுமாறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே இன்னொரு மனப்பாட வரியைக் கொஞ்சம் ஆட்டிவிட ஆசை. "கே-எம் குறைவு என்றால் நொதிக்குத் தளப்பொருள் மீது பிடிப்பு அதிகம்." பாதி உண்மை. நம் கணக்கில் நடுகிறவர் வயதானவர், ஒரு முடிக்கு 4 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் எடுக்கிறார் என்று வையுங்கள். அவருடைய கே-எம் குழிக்கு அரை முடியாகக் குறைந்துவிடும். முடி மீது அவருக்குப் பாசம் கூடிவிட்டதா? இல்லை. கை மெதுவானதால் கொஞ்சம் முடி கிடந்தாலே அவருக்கு வேலை நிறைந்துவிடுகிறது. ஆக, கே-எம்முக்குள் பிடிப்பு, விடுவிப்பு, வேலையின் வேகம் மூன்றும் கலந்திருக்கின்றன. வேலை மிக மெதுவாகவும், பிடிப்பதும் விடுவதும் மிக வேகமாகவும் நடக்கும் நொதிகளில் மட்டும்தான் அது பிடிப்பை மட்டும் காட்டும். மைக்கேலிஸும் மென்டனும் அப்படிப்பட்ட நிலையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிபந்தனை இல்லாமலே சமன்பாடு நிற்கும் என்று 1925-ல் காட்டியவர்கள் பிரிக்ஸும் ஹால்டேனும். இந்த ஹால்டேன்தான் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், உங்கள் கேள்விக்கு அதில் நேரடிப் பதில் இருக்கிறது. இந்த நிறைவு விஷயத்தை 1902-லேயே ஏட்ரியன் பிரவுன் கவனித்துவிட்டார். சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் நொதியில், சர்க்கரை ஓரளவுக்கு மேல் இருந்தால் வேகம் சர்க்கரையைப் பொருட்படுத்துவதில்லை என்று கண்டு, நொதியும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு கூட்டு உருவாக வேண்டும் என்றார். மறுவருஷம் விக்டர் ஹென்றி சமன்பாட்டையே எழுதிவிட்டார். அப்படியானால் 1913-ல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் கனடாவிலிருந்து வந்த மாட் மென்டன் அம்மையாரும் என்ன புதிதாகச் செய்தார்கள்? அளந்த விதம். முடியும்வரை காத்திருந்து நேரம் பார்க்கவில்லை. ஒவ்வொரு செறிவிலும் வினை தொடங்கிய உடனே வேகம் என்ன என்று பார்த்தார்கள். தொடக்கத்தில்தான் தளப்பொருளின் செறிவு நாம் போட்ட அளவில் இருக்கிறது, தொடக்கத்தில்தான் விளைபொருள் வந்து நொதிக்கு இடைஞ்சல் செய்யவில்லை. அமிலத்தன்மையும் நடுவில் மாறாதபடி தாங்கல் கரைசலில் செய்தார்கள். பிஎச் என்ற அளவுகோலை சோரன்சன் கொடுத்தே அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. நம் கும்பகோணம் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு ஹார்டிக்குக் கடிதம் போட்டதும் அதே 1913 தான். சம்பந்தமில்லை, ஆனால் வகுப்பில் வருஷத்தை மறக்காமலிருக்க இதைச் சொல்வேன், வேலை செய்யும்.

இது பரீட்சைக்கு மட்டுமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு முடிந்து ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது மூளையும் கல்லீரலும் ஒரே குளுக்கோஸை எடுத்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன, அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ஆனால் ஆட்கள் வேறு. மூளையில் ஹெக்சோகைனேஸ், கே-எம் லிட்டருக்கு 0.1 மில்லிமோல் அளவில் அல்லது அதற்கும் கீழே. கல்லீரலில் குளுக்கோகைனேஸ், அதற்குப் பாதி வேகம் வருவது ஏறக்குறைய 8 மில்லிமோலில். வெறும் வயிற்றில் சர்க்கரை 90 என்று லேப் ரிப்போர்ட்டில் வருகிறதே, அது 5 மில்லிமோல். அந்த அளவிலேயே ஹெக்சோகைனேஸ் உச்சத்தில் 98 சதவீதம் ஓடுகிறது. வாழையிலையில் மூன்றாவது முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டு 180-க்குப் போனாலும் 99, அவ்வளவுதான். மூளைக்குப் பந்தியும் பட்டினியும் ஒன்று. கல்லீரல் நொதியோ சர்க்கரை ஏற ஏறத் தன் வேகத்தையும் ஏற்றிக்கொண்டு, அதிகப்படியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதன் வளைவு கொஞ்சம் 'எஸ்' வடிவம், நம் சமன்பாட்டுக்கு முழுக்க அடங்காது. ஆனாலும் வித்தியாசம் முழுவதும் கே-எம் எங்கே இருக்கிறது என்பதில்தான். செறிவு கூடினால் வேகம் கூடுமா என்ற கேள்விக்கு, எந்த நொதி, எந்தச் செறிவில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

உங்கள் ஆய்வுக்கும் இதே பேச்சுதான். கே-எம் ஏறக்குறைய 0.125 சதவீதம் என்றால் நீங்கள் எடுத்த செறிவுகள் அதைப்போல 2, 4, 8, 16 மடங்கு. முதல் குழாயிலேயே நொதி உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வளைவின் ஏற்றத்தில் பெரும்பகுதி உங்கள் அளவுகளுக்குக் கீழே நடந்து முடிந்துவிட்டது. அதனால்தான் வேகம் "கூடுவது" கண்ணுக்குப் படவில்லை. 0.03, 0.06, 0.12 என்று கீழே இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

மேல் முனையைப் பற்றி ஒரு வார்த்தை. சில நொதிகளில் செறிவை அளவுக்கு மீறிக் கூட்டினால் வேகம் நிற்பதோடு இறங்கவும் செய்யும். முடிகளை மலைபோல் கொட்டினால் நடுகிறவர் கால் வைக்க இடமில்லாமல் தவிப்பதில்லையா, அந்த மாதிரி. ஒரே கிளர்வு மையத்தில் இரண்டு தளப்பொருள் மூலக்கூறுகள் ஏடாகூடமாக வந்து ஒட்டிக்கொண்டால் இரண்டுமே வேலைக்கு உதவாது. நரம்புச் சந்திகளில் வேலை செய்யும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் இதற்குப் பேர்போனது. இன்வர்டேஸும் கெட்டியான சர்க்கரைப் பாகில் தளர்ந்துவிடும். உருளைக்கிழங்குத் துண்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டுக் குமிழ் எண்ணும் ஆய்வில் வருவது வேறு கதை. அங்கே பெராக்சைடு மிகுந்தால் கேட்டலேஸ் நொதியே கெட்டுப்போகிறது.

போட்டித் தடுப்பான்களை, அதாவது தளப்பொருளின் இடத்துக்குப் போட்டியாக வந்து நொதியில் ஒட்டிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செறிவின் ஆட்டம் முழுவதும் தெரிவது அங்கேதான். நாற்று முடிகளோடு குதிரைவாலிப் புல்லும் கட்டுக்கட்டாகக் கலந்து கிடக்கிறது என்று வையுங்கள். இளசில் அது நெல் நாற்று மாதிரியேதான் இருக்கும், பழகிய கண்ணையும் ஏமாற்றும். எடுக்கிறார், பிரிக்கிறார், புல் என்று தெரிந்து வீசுகிறார். நேரம் போச்சு. ஆனால் நல்ல முடிகளை நிறையக் கொண்டுவந்து கொட்டினால் புல் கையில் அகப்படுவதே குறைந்து, பழைய உச்ச வேகம் திரும்பிவிடும். உச்சம் மாறவில்லை, கே-எம் மட்டும் கூடிவிட்டது.

இதை வைத்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது, அது ஃபார்மிக் அமிலமாகிறது, அந்த அமிலம்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. மெத்தனாலைவிட எத்தனாலை அந்த நொதி பல மடங்கு விரும்பிப் பிடிக்கும். ஆகவே மருத்துவமனையில் எத்தனாலையோ, நொதியை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ கொடுத்து நொதியை அதிலேயே இருத்திவைக்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் மெத்தனால் பெரும்பாலும் மாறாமலே வெளியேறுகிறது, டயாலிசிஸ் செய்தும் எடுப்பார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம். அளவு தப்பினால் அதுவும் விஷம்.)

ஆனால் வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து அப்படியில்லை. அது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸின் கையையே கட்டிப்போடுகிறது. எவ்வளவு தளப்பொருள் வந்து குவிந்தாலும் கட்டு அவிழாது. குவிவதுதான் நோயாகவே வெளியே தெரிகிறது: எச்சில் ஒழுகுதல், கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல். எட்டுப் பேரில் ஆறு பேர் கையைக் கட்டிவிட்ட பிறகு வயலில் முடியைக் கொட்டி என்ன பயன்? சட்டை இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரைபடம்தான் நினைவுக்கு வரும்.

சரி, ஆய்வை மறுபடி செய்வதாக இருந்தால். அயோடினைக் குழாயில் நேரடியாக ஊற்றாதீர்கள், அது நொதியையும் ஸ்டார்ச்சையும் பாதிக்கும். வெள்ளை ஓட்டுக் குழிகளில் அயோடின் சொட்டுகளை வைத்து, குழாயிலிருந்து அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்துச் சோதியுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் உங்கள் 3 நிமிடம் என்பது உண்மையில் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சிறிய செறிவில் இந்தப் பிழை கணக்கையே கவிழ்க்கும். ஆகவே அங்கே பத்து நொடிக்கு ஒருமுறை எடுங்கள், அல்லது உமிழ்நீரை இன்னும் நீர்த்து வினையை நிதானப்படுத்துங்கள். தண்ணீர்த்தொட்டி 37 டிகிரியிலேயே நிற்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இதைவிட நல்ல வழி, முடிவுவரை காத்திருக்காமல் தொடக்க வேகத்தை அளப்பது. ஒவ்வொரு செறிவிலும் சரியாக இரண்டாவது நிமிடத்தில் ஒரு மில்லி எடுத்து டைநைட்ரோசாலிசிலிக் அமிலக் கரைசலில் விட்டு, கொதிநீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். வினையும் நின்றுவிடும், வந்திருக்கும் மால்டோஸின் அளவுக்கு ஏற்பச் செம்பழுப்பு நிறமும் ஏறும். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் 540 நானோமீட்டரில் படிக்கலாம். நொதி சேர்க்காத ஒரு குழாயையும் ஒவ்வொரு செறிவுக்கும் வைக்க வேண்டும், ஸ்டார்ச்சே கொஞ்சம் நிறம் காட்டும். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ச்சில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று தெரிந்தால் உமிழ்நீர் அதிகம், இன்னும் நீர்க்கச் செய்யுங்கள்.

ரெக்கார்டில் 3, 5, 9, 17 அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள், அதற்கு வரைபடம் போடுங்கள், இது சராசரி வேகம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். கேட்டால் நடவுக் கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியரும் டெல்டாக்காரராக இருந்தால் பாதியிலேயே புரிந்துகொள்வார்.

அப்புறம், உமிழ்நீர் யாருடையது என்று குறித்து வைத்தீர்களா? நான்கு பேர் நான்கு குழாயில் துப்பியிருந்தால் இவ்வளவு நேரம் நான் எழுதியது வீண். அமிலேஸ் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும், அதற்கான மரபணுவின் நகல்களே சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம். ஒருவரிடமே வாங்கி, வடிகட்டி, நீர்த்து, ஐஸில் வைத்து, நான்கு குழாய்க்கும் அதையே பயன்படுத்த வேண்டும். அந்த ஒருவர் கும்பகோணம் வெற்றிலை போட்டுவிட்டு வந்தவராக இருக்கக் கூடாது. சுண்ணாம்பு பிஎச்சைத் தூக்கிவிடும், பாக்கின் துவர்ப்பு நொதியைப் பிடித்துக்கொள்ளும், அயோடின் சொட்டில் என்ன நிறம் வந்தது என்று யாருக்கும் தெரியாது.